மூடிய முற்றத்தில் வழுக்கும் சிமெண்ட் தரை: என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கானாடுகாத்தான் பக்கம் உங்கள் பூர்வீக வீடு. இரண்டாம் கட்டு முற்றம் முன்பு வானம் பார்த்துக் கிடந்தது. குரங்குத் தொல்லைக்காகவும் மழைச் சாரலுக்காகவும் மேலே இரும்புச் சட்டம் அடித்து, வெளிச்சம் வருகிற பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடியிருக்கிறீர்கள். பூந்தொட்டிகள் வைத்து, ஆச்சி காலையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற இடமாக அது ஆகிவிட்டது. ஆனால் ஐப்பசி பிறந்ததிலிருந்து தரை நசநசவென்று காயாமல் கிடக்கிறது. கரணை போட்டு இழைத்த பழைய சிமெண்ட் தரை. ஆச்சி ஒரு தடவை வழுக்கி விழுந்தும் விட்டார்கள், எலும்பு முறியவில்லை. ஒருவர் எபாக்சி என்ற பிசின் பூச்சைப் பூசச் சொல்கிறார், உறவினர் ஆசிட் ஊற்றச் சொல்கிறார், கடைக்காரர் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார். எதைச் செய்வது?

நான் காரைக்குடி வட்டாரத்தில் பழைய வீடுகளின் பழுதுவேலையைப் பல காலமாகப் பார்த்துவருகிற சிவில் இன்ஜினியர். இந்த மூன்று யோசனையில் எதையும் இப்போதைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தரைமேல் கை வைத்தால், போடுகிற காசு அடுத்த மழைக்குள் உரிந்து வந்துவிடும்.

அதற்கு முன், இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஆச்சி படுக்கிற இடத்திலிருந்து குளியலறைக்கும் அடுப்படிக்கும் எந்த வழியாக நடக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த வழியில் மிதியடியாகப் போட்டிருக்கும் சாக்கு, பழைய துணி, மடித்த போர்வை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வழவழப்பான ஈரத் தரையில் கிடக்கிற சாக்கு, காலோடு சேர்ந்து ஓடும். வெறும் தரையைவிட அது மோசம். அதற்குப் பதிலாகக் குளியலறைக்கு விற்கிற, ஓட்டை ஓட்டையாக இருக்கும் கனமான ரப்பர் விரிப்பை ஒன்றோடொன்று இணைத்து அந்த வழி நெடுகப் போடுங்கள். தண்ணீர் ஓட்டை வழியாகக் கீழே போய்விடும், பாதம் மேலே நிற்கும். ஓரம் சுருண்டு தட்டிவிடாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை தூக்கிக் கழுவாவிட்டால் அடியில் பாசி பிடிக்கும். இரவு எரிய ஒரு சின்ன விளக்கும் வேண்டும். இவை தற்காலிக ஏற்பாடுதான், ஆனால் நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி, தரை ஏன் வழுக்குகிறது என்பது. காய்ந்திருக்கும்போது இதே தரை வழுக்குவதில்லை. பாதம் பதியும்போது அடியிலிருக்கும் தண்ணீர் பக்கவாட்டில் விலகி வழிவிட வேண்டும். மேற்பரப்பில் நுண்ணிய மேடு பள்ளம் இருந்தால் தண்ணீர் பள்ளத்துக்குள் இறங்கிக்கொள்ளும், பாதம் மேட்டைப் பிடித்துக்கொள்ளும். கரணையால் இழைத்த தரையில் அந்தப் பள்ளம் இல்லை. அதனால் மெல்லிய நீர்ப்படலத்தின் மேலேயே பாதம் மிதக்கிறது. பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை கொடுக்கிற அளவுகோலில், சுத்தமான தண்ணீர் பட்ட தரையின் சொரசொரப்பு 20 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் இருந்தால் வழுக்கும் அபாயம் குறைவு. 10 மைக்ரானுக்குக் கீழே போனால் அபாயம் அதிகம். தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 70 மைக்ரான். அப்படியானால் நமக்கு வேண்டிய சொரசொரப்பு எவ்வளவு சிறியது என்று பாருங்கள். தரையை உடைத்துப் போட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. அந்த அளவு தண்ணீருக்குத்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். எண்ணெயோ சோப்போ சேர்ந்தால் இன்னும் கூடுதல் சொரசொரப்பு வேண்டும்.

இப்போது தண்ணீர். உங்கள் முற்றத்தில் அது நான்கு வழியில் வரலாம்: மேலிருந்து ஒழுகலாம், காற்றிலிருந்து தரையில் வியர்க்கலாம், மண்ணிலிருந்து ஓதமாக ஏறலாம், பூந்தொட்டியிலிருந்தும் கழுவுவதிலிருந்தும் தேங்கலாம். முதலும் கடைசியும் கண்ணால் பார்த்தே தெரிந்துவிடும். நடுவில் உள்ள இரண்டையும் பிரித்தறிய ஒரு எளிய சோதனை இருக்கிறது. தரையில் ஓர் இடத்தைத் துடைத்துக் காயவிடுங்கள். ஒன்றரை அடிச் சதுரத்தில் கனமான, ஒளி ஊடுருவும் பாலிதீன் தாளை அங்கே விரித்து, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் அகலமான டேப்பால் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள் விடுங்கள். பிறகு பாருங்கள். தாளின் மேல்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, பிரித்துப் பார்க்கையில் அந்தச் சதுரம் மட்டும் கறுத்துத் தெரிந்தாலோ, ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. இரண்டும் இருக்கலாம். முற்றத்தின் நடுவில் ஒன்று, சுவரோரம் ஒன்று, பழைய தூம்பு (தண்ணீர் வெளியேறும் துவாரம்) இருந்த மூலையில் ஒன்று என்று மூன்று இடத்தில் ஒட்டிப் பாருங்கள். மழைக்காலத்தில்தான் செய்ய வேண்டும். சித்திரையில் ஒட்டினால் எல்லாத் தரையும் நல்ல தரையாகத்தான் தெரியும்.

காற்றிலிருந்து எப்படி வியர்க்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. காற்றின் வெப்பம் 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் நம் பக்கம் இது சாதாரணம். அந்தக் காற்று 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீராக இறங்கத் தொடங்கிவிடும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த தரை, காலையில் வெதுவெதுப்பான ஈரக் காற்று பட்டதும் நனைவது இதனால்தான். நம் வீடுகளின் தரை தடிமனானது, மண்ணோடு ஒட்டிக் கிடப்பது, மெதுவாகத்தான் சூடேறும். கோடையில் காலுக்குக் குளுகுளுவென்று இருப்பதற்கும் ஐப்பசி கார்த்திகையில் வியர்ப்பதற்கும் காரணம் ஒன்றே.

முற்றம் திறந்திருந்தபோது இந்தத் தொல்லை ஏன் இல்லை? நகரத்தார் வீட்டில் முற்றம் வெளிச்சத்துக்கு மட்டும் விட்ட இடமில்லை. சுற்றி இருக்கும் பத்திகளிலும் (தாழ்வாரங்களிலும்) அறைகளிலும் சேர்கிற சூடான காற்று மேலெழும்பி வெளியே போகிற வழியும் அதுதான். ஓட்டிலிருந்து விழுகிற மழைநீர் முற்றத்துக்குள் இறங்கித் தூம்பு வழியாக வெளியேறும். மழை நின்றதும் வெயிலும் காற்றும் பட்டு ஒரு மணி நேரத்தில் தரை காய்ந்துவிடும். நனைய நனையக் காய்கிற மாதிரி அமைத்த இடம் அது. ஷீட் போட்டதும் நனைவது குறைந்தது, காய்வது அதைவிட அதிகமாகக் குறைந்துவிட்டது. பகலில் உள்ளே வெப்பம் கட்டி நிற்கிறது; தொட்டி மண்ணிலும் தரையிலும் உள்ள நீர் ஆவியாகிறது; இரவில் ஷீட் குளிர்ந்ததும் அந்த ஆவி அதன் அடிப்பக்கத்தில் துளியாகக் கோத்து, விடியற்காலையில் சொட்டுகிறது. ஷீட் ஒழுகுகிறது என்று பலரும் சிலிகான் பூசிக்கொண்டே இருப்பார்கள். மழை பெய்யாத நாளிலும் விடியலில் சொட்டினால் அது ஒழுகல் அல்ல.

ஆகவே முதல் வேலை கூரையில். ஷீட்டைச் சுற்றியிருக்கும் ஓட்டு விளிம்போடு ஒட்டி அடைத்திருப்பார்கள். அந்தச் சட்டத்தைத் தூக்கி, நான்கு பக்கமும் முக்கால் அடியிலிருந்து ஓரடி வரை இடைவெளி விடச் சொல்லுங்கள். அந்த இடைவெளிக்குக் குரங்கு நுழையாத கம்பி வலை அடிக்கலாம். சாரல் வராமல் இருக்க ஷீட் விளிம்பு ஓட்டுக்கு வெளியே நன்றாக நீண்டிருக்க வேண்டும். சட்டத்துக்கு ஒரு பக்கமாகச் சாய்வும் கொடுங்கள். மட்டமாகக் கிடக்கிற ஷீட்டில் கோக்கிற துளி நடுவிலேயே சொட்டும். சாய்வு இருந்தால் விளிம்புக்கு ஓடிப்போகும். ஷீட்டையே மாற்றுகிற நிலை வந்தால், ஒற்றைத் தகட்டுக்குப் பதில் நடுவில் காற்றறை உள்ள இரட்டைச் சுவர் ஷீட் வாங்குங்கள். அதில் துளி கோப்பது குறைவு. கூரையைத் தொட முடியாவிட்டால் ஒரு மின்விசிறியாவது மாட்டி, காலையில் ஆச்சி எழுந்து வருவதற்கு முன்பே ஓடவிடுங்கள். ஈரம் காற்றில் இருக்கிற நாளில் ஜன்னலைத் திறந்து வைத்தால் மட்டும் தரை காயாது, தரைமேல் காற்று ஓட வேண்டும்.

இன்னொன்று. முற்றத்தை ஹால் மாதிரி ஆக்கும்போது பலர் தூம்பை சிமெண்ட் வைத்து அடைத்துவிடுகிறார்கள். அடைத்திருந்தால் தயவுசெய்து திறந்துவிடுங்கள். தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி எங்கே தேங்குகிறது என்று பார்த்துச் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். மீட்டருக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர் வாட்டம் தூம்பை நோக்கி இருந்தால் போதும், நடக்கிறவருக்குச் சாய்வு தெரியாது. பூந்தொட்டிகளைத் தரையோடு வைக்காமல் தட்டு வைத்த ஸ்டாண்டில் வைத்து, ஆச்சி நடக்கும் வழியிலிருந்து ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது தரையில் படிந்திருப்பது. காய்ந்த தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குனிந்து பாருங்கள். அரை நிமிடத்துக்குள் விளிம்பு பரவி, தரை கறுத்து, சொட்டு உள்ளே இறங்கினால் மேற்பரப்பு சுத்தம். உருண்டையாகவே நின்றால் எண்ணெயோ மெழுகோ பழைய பூச்சோ மூடியிருக்கிறது. அதை எடுக்காமல் எந்த வேலையும் நிற்காது. இரண்டாம் கட்டு நம் வீடுகளில் காலங்காலமாகச் சமையலும் பலகாரமும் எண்ணெய்க் குளியலும் நடந்த இடம். எண்ணெய் ஊறாமல் இருக்காது. சலவை சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றி, கட்டைத் துடைப்பத்தால் நன்றாகத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். ஆழமாக ஊறிய இடத்தில் சுண்ணாம்புத் தூளையோ மரத்தூளையோ ஈரமாகக் குழைத்து அப்பி, காயவிட்டு வாரி எடுங்கள். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். தினமும் துடைக்கிற சோப் ஆயிலும் ஒரு காரணம்தான். உப்புத் தண்ணீரில் சோப்பு நன்றாக அலசப்படாமல் வழவழப்பான படலமாகத் தங்கும். கொஞ்சமாக விட்டுத் துடைத்து, வெறும் தண்ணீரால் மறுபடி துடைத்து, வைப்பரால் இழுத்துக் காயவிடுங்கள்.

பச்சையாகவோ கறுப்பாகவோ பாசி தெரிந்தால் பிளீச்சிங் பவுடர் லிட்டருக்கு 20 கிராம் கரைத்துத் தெளித்து, கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். இதை ஆசிட்டோடு எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள். முதல் நாள் ஆசிட் ஊற்றி, சரியாக அலசாமல் மறுநாள் பிளீச்சிங் போட்டால்கூடக் குளோரின் வாயு கிளம்பும். மேலே மூடிய முற்றத்தில் அது உயிருக்கே ஆபத்து.

இதெல்லாம் செய்த பிறகும் வழுக்கல் இருந்தால், அதாவது தரை உண்மையிலேயே மழமழப்பாக இருந்தால், அப்போதுதான் தரைவேலை.

எபாக்சி ஏன் வேண்டாம் என்கிறேன்? தொழிற்சாலையில், அடியில் பாலிதீன் விரித்துப் போட்ட புதுக் கான்கிரீட்டில் எபாக்சி அருமையான பூச்சு. சிலிக்கா மணல் தூவிப் பூசினால் வழுக்காது. உங்கள் தரைக்கு அடியில் பாலிதீன் இல்லை. மண், அதன்மேல் சுண்ணாம்புச் சல்லி அல்லது செங்கல் ஜல்லி, அதன்மேல் சிமெண்ட் பூச்சு என்றுதான் பெரும்பாலும் இருக்கும். மண்ணின் ஈரம் ஆவியாக மேலே வந்துகொண்டே இருக்கும். எபாக்சி அதை வெளியே விடாது. அடியில் அழுத்தம் கட்டி, முதலில் கொப்புளமாக எழும்பும், பிறகு தகடு தகடாக உரியும். அதைவிடப் பெரிய கவலை எனக்குச் சுவர்தான். தரை வழியாக வெளியேற முடியாத ஈரம் பக்கத்துச் சுவரைத் தேடிப் போகும். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர் அதை உறிஞ்சி ஏற்றும். கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த அந்தப் பூச்சில் உப்புப் பூத்து உதிர ஆரம்பித்தால், அதே தரத்தில் திரும்பப் பூசுகிற கைகள் இன்று மிகக் குறைவு. பாலிதீன் சோதனையில் தாளின் அடிப்பக்கம் முழுக்கக் காய்ந்திருந்தால் மட்டும் எபாக்சியைப் பற்றி யோசியுங்கள். பூசித்தான் ஆக வேண்டும் என்றால் தண்ணீர் கலந்து பூசும் அக்ரிலிக் வகையில், மணல் சேர்த்த பூச்சைத் தேர்ந்தெடுங்கள். அது ஓரளவு ஆவியை விடும், ஆனால் சில வருடத்துக்கு ஒரு முறை திரும்பப் பூச வேண்டும்.

ஆசிட் யோசனை தவறான யோசனை அல்ல, தவறான இடத்தில் சொன்ன யோசனை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சிமெண்டின் மேற்படலத்தைத் தின்று மணலை வெளியே காட்டும். தரை மெல்லிய உப்புத்தாள் போல ஆகும். ஆனால் எங்கே எவ்வளவு தின்னும் என்பது நம் கையில் இல்லை. முற்றத்தைச் சுற்றி நீங்கள் சொன்ன ஆத்தங்குடிக் கல் பதித்த பத்தி இருக்கிறது. கண்ணாடித் தட்டின்மேல் வர்ணக் கலவையை ஊற்றி, சிமெண்ட் மணல் வைத்து அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது அது. சூளை பார்க்காத கல். ஒரு துளி ஆசிட் தெறித்தாலும் அந்த இடத்தில் வர்ணம் செத்துவிடும், மீட்க முடியாது. இரும்புச் சட்டமும் துருவேறும். கடைகளில் வழுக்கல் போக்கும் திரவம் என்று விற்பவையும் பல அமிலம்தான். அவற்றில் சில ஃப்ளோரைடு சேர்ந்தவை. தோலில் பட்டால் உடனே எரிச்சல் தெரியாது, உள்ளே போய்த் திசுவைத் தாக்கிய பிறகுதான் வலி தெரியும். கைமருந்தாகப் பார்க்க வேண்டிய பொருள் அல்ல அது.

நான் சிபாரிசு செய்வது தரையைக் கொத்திவிடுவது. தேய்ந்து வழவழத்த அம்மியைக் கல்தச்சர் உளியால் பொளிந்து கொடுப்பார் அல்லவா, அதே வேலை, அதைவிட மென்மையாக. அதற்கு முன் தரை தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஒரு பெரிய நாணயத்தாலோ சாவிக்கொத்தாலோ அடிக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போங்கள். 'டக்' என்று கெட்டியாகக் கேட்டால் பூச்சு அடித்தளத்தோடு பிடித்திருக்கிறது. 'டொப்' என்று உள்ளே காலியாகக் கேட்டால் அங்கே விட்டுவிட்டது; உளி பட்டால் ஓடு போலப் பெயரும்.

கெட்டியான தரை என்றால், ஆங்கிள் கிரைண்டரில் வைர கப் வீல் மாட்டி, மேலே உள்ள சிமெண்ட் பால் படலத்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அரை மில்லிமீட்டர், அதிகம் போனால் ஒரு மில்லிமீட்டர். சரியாக எடுத்த இடத்தில் சாம்பல் நிறப் பளபளப்பு போய், மணல் மணலாகப் புள்ளி தெரியும். உள்ளங்கையால் தடவினால் மணல்தாள் மாதிரிப் பிடிக்கும், ஆனால் கீறாது. கப் வீல் வட்ட வட்டமாகக் கோடு போடும். அழகு கெடுகிறது என்று பதறி மறுபடி மெருகேற்றிவிடாதீர்கள். வேலைக்கு வருகிறவர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு செய்ய முயல்வார், அது போதாது. சிமெண்ட் மணல் தூசியில் இருக்கிற சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். என்-95 முகமூடியை நீங்களே வாங்கிக் கொடுங்கள். தண்ணீர் தெளித்துக்கொண்டே செய்வதாக இருந்தால் மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்சிசிபி உள்ள இணைப்பில் மட்டுமே மெஷினை ஓட்ட வேண்டும்.

கோடு கோடாகப் பள்ளம் வெட்டுவது மட்டும் போதும் என்று கொத்தனார் சொல்லக்கூடும். வண்டி ஏறுகிற சாய்வுதளத்துக்கு அது சரி. வெறுங்காலுக்குச் சரிவராது, இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கிற மழமழப்பு அப்படியே இருக்குமே. எதிர்ப்பக்கம் இன்னொரு எல்லை இருக்கிறது. ஆச்சிக்குச் சர்க்கரை இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு முரட்டுச் சொரசொரப்பு பாதத்தைக் கிழித்தாலும் தெரியாது, அந்தப் புண் ஆறுவதும் கஷ்டம். வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடக்கிறவர்கள் நாம். பாதத்தைப் பிடிக்க வேண்டும், உரசக் கூடாது. அதனால்தான் பெரிய மணல் தூவிய பூச்சையும், ஒட்டுகிற மணல்தாள் டேப்பையும் நான் தள்ளிவைக்கிறேன். டேப்புக்கு இன்னொரு குறையும் உண்டு; ஓதம் ஏறுகிற தரையில் ஒட்டி நிற்காது, ஓரம் கிளம்பிக் காலைத் தடுக்கும்.

முழுத் தரையையும் ஒரே நாளில் எடுக்க விடாதீர்கள். மூலையில் இரண்டடிக்கு இரண்டடி ஒரு மாதிரி போடச் சொல்லி, கழுவி, தண்ணீர் ஊற்றி, நீங்கள் தூணைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலால் அழுத்தி இழுத்துப் பாருங்கள். பிறகு ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டும் பாருங்கள். பக்கத்தில் உள்ள பழைய தரையோடு ஒப்பிட்டாலே வித்தியாசம் காலுக்குத் தெரிந்துவிடும். திருப்தியானால் அதே அழுத்தம், அதே வீல் என்று மீதியைச் செய்யலாம். ஆச்சியை வைத்துச் சோதனை வேண்டாம்.

தட்டிப் பார்த்ததில் பாதிக்கு மேல் 'டொப்' என்று கேட்டால் பழைய பூச்சைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடுவதே மேல். அடித்தளத்தை நன்றாகக் கொத்தி, கழுவி, ஈரமாக்கி, சிமெண்ட் கூழ் தடவி, அது காய்வதற்குள் ஒன்றுக்கு மூன்று சிமெண்ட் மணலில் பேபி சிப்ஸ் என்கிற பொடி ஜல்லி கலந்து குறைந்தது 25 மில்லிமீட்டர் கனத்தில் போட வேண்டும். அதைவிட மெல்லியதாகப் போட்டால் மறுபடி விட்டுவிடும். தூம்புக்கு வாட்டம் இப்போதே வைத்துக்கொள்ளலாம். கடைசி இழைப்புதான் முக்கியம். மணியாஸ் கட்டையோடு (தரையைத் தேய்த்துச் சமப்படுத்தும் மரக்கட்டை) நிறுத்தச் சொல்லுங்கள்; இரும்புக் கரணை மேலே படவே கூடாது, சிமெண்ட் பாலும் ஊற்றக் கூடாது. கொத்தனாருக்கு மனசு கேட்காது, மழமழவென்று முடித்தால்தான் அவருக்கு வேலை முடிந்த மாதிரி. பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். இறுகத் தொடங்கும்போது மென்மையான துடைப்பத்தை நடக்கிற திசைக்குக் குறுக்காக ஒரு முறை இழுத்துவிட்டால் இன்னும் நல்லது. ஏழு நாள் ஈரச்சாக்கு மூடி வைத்திருங்கள்.

டைல்ஸ் பற்றி: ஒட்டலாம், ஆனால் மேலே எபாக்சிக்குச் சொன்ன ஓதப் பிரச்சினை இங்கும் பாதி உண்டு, தரை மட்டம் உயர்ந்து நிலைவாசலில் புதிதாகத் தட்டுகிற படியும் உருவாகும். வாங்குவதாக இருந்தால் ஜெர்மன் தரக் குறியீட்டைக் கேளுங்கள். பெட்டியில் ஆர்-10, ஆர்-11 என்று இருப்பது செருப்புக்காலுக்கு, எண்ணெய் ஊற்றிய சாய்வில் சோதித்தது. வெறுங்காலுக்கு சோப்புத் தண்ணீரில் சோதித்த ஏ, பி, சி என்ற வரிசை தனி. பி அல்லது சி வேண்டும். 'மேட் பினிஷ்' என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

ஆத்தங்குடிக் கல் பத்தியைக் கிரைண்டர் தொடவே கூடாது. அதற்கு மெருகேற்றத் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் இருக்கிறதென்றால், ஆச்சி நடக்கிற பக்கத்தில் மட்டும் அதை நிறுத்துங்கள். காலடி படுகிற பாதையில் ரப்பர் விரிப்பு, மற்ற இடத்தில் கல்லின் அழகு. சிவப்புச் சாயம் கலந்து இழைத்த காவித் தரைக்கும் இதே விதி.

முற்றத்தின் நடுவில் பெயின்டில் போட்ட நிரந்தரக் கோலம் இருந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். எனாமல் பெயின்ட் நனைந்தால் சுற்றியிருக்கும் சிமெண்டைவிட வழுக்கும், ஸ்டிக்கர் கோலமும் அப்படித்தான். அரிசி மாவில் போடுங்கள், ஆச்சிக்கும் பிடிக்கும். பத்தியிலிருந்து முற்றத்துக்கு இறங்குகிற படியின் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சளோ வெள்ளையோ தெரிகிற மாதிரிக் கோடு வேண்டும். அதைச் சிமெண்ட் பெயின்டில் மணல் தூவிப் போடுங்கள். அந்தப் படியோரம் தரையிலிருந்து 85 முதல் 95 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பிடிகம்பி. பழைய சுண்ணாம்புச் சுவரில் சாதாரண ஸ்க்ரூ பிடிக்காது. செங்கல் வரை ஆழமாகத் துளைத்து ரசாயனப் பசை ஆங்கரில் நிறுத்தச் சொல்லுங்கள், அல்லது தரையில் தனிக்கால் நட்டு அதில் மாட்டுங்கள். தேக்குத் தூணில் துளை போட வேண்டாம்.

காலவரிசை இப்படி வைத்துக்கொள்ளலாம். விரிப்பு, விளக்கு, பாசி எடுப்பது, தூம்பு திறப்பது இந்த வாரம். பாலிதீன் சோதனை மழை இருக்கும்போதே. கூரையைத் தூக்குவதும் வலை அடிப்பதும் மழை இடைவெளி பார்த்து மார்கழிக்குள். கிரைண்டிங்கோ புதுப் பூச்சோ தை பிறந்து தரை நன்றாகக் காய்ந்த பிறகு, மாசி வாக்கில். அதற்குள் கூரை மாற்றத்திலேயே தரை காய ஆரம்பித்துவிட்டால், ஆச்சி நடக்கிற மூன்றடி அகலப் பாதையை மட்டும் கிரைண்ட் செய்துவிட்டு மீதியை அப்படியே விடலாம். சோதனைத் தாளில் என்ன தெரிந்தது, தட்டிப் பார்த்ததில் எவ்வளவு இடம் காலியாகக் கேட்டது, இந்த இரண்டையும் எழுதுங்கள். பாதையா முழுத் தரையா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.